ஸ்லோ ஏன் நிற்பதில்லை?

செட்டிக்குளத்துச் சின்ன வெங்காய மூட்டையைப் பின்னால் கட்டி, டேங்கின் மேல் இன்னொரு பையையும் வைத்துக்கொண்டு பெரம்பலூருக்குப் போகும் நூறு சிசி வண்டியைப் பார்த்தால், அந்த எஞ்சின் எவ்வளவு பாடுபடுகிறது என்று தோன்றும். உண்மையில் அந்த எஞ்சினுக்குக் கடினமான வேலை அதுவல்ல. சந்தை வாசலில் வண்டியை நிறுத்தி ஆக்சிலேட்டரை விட்ட பிறகு, யாரும் முறுக்காமல், எந்தச் சுமையும் இல்லாமல், தானாக ஓடிக்கொண்டிருப்பதுதான் கடினம். பட்டறைகளில் இதை ‘ஸ்லோ’ என்பார்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் மெக்கானிக்கிடம் கொண்டுவரும் புகார்களில் அலுப்பூட்டுவதும் இதுதான்: “ஸ்லோ நிக்க மாட்டேங்குது.” சிக்னலில் ஆஃப் ஆகிறது. அல்லது முறுக்கி விட்டால் ரேஸ் இறங்காமல் கத்திக்கொண்டே நிற்கிறது. அல்லது எந்தக் காரணமும் இல்லாமல் ஏறி ஏறி இறங்குகிறது. பெரும்பாலான இடங்களில் இதற்கு ஒரே வைத்தியம்தான்: கார்ப்பரேட்டர் பக்கத்தில் இருக்கும் ஸ்லோ ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே திருகுவது. அந்தத் திருகல் நோயைத் தீர்ப்பதில்லை, மூடி மறைக்கிறது என்பதும், ஸ்லோ தள்ளாடும்போது எஞ்சின் தன் உடம்பில் இருக்கும் மிகச் சிறிய கோளாறு ஒன்றைத்தான் காட்டிக்கொடுக்கிறது என்பதும் இந்த அத்தியாயத்தின் வாதம். பெரிய காரணங்களைத் தேடுவதால்தான் பணமும் நேரமும் வீணாகின்றன.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1994இல் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரின் எஞ்சின் கொள்ளளவு 97.2 சிசி. அரியலூர், பெரம்பலூர் மாவட்டக் கிராமச் சாலைகளில் இன்றும் ஓடும் பழைய வண்டிகளில் பல இந்தக் கொள்ளளவை ஒட்டியவைதான். ஸ்லோவில் அந்த எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1400 சுற்றுச் சுற்றும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் காற்றை இழுக்கும் என்பதால், நிமிடத்துக்கு 700 இழுப்பு. த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் ஒவ்வொரு இழுப்பிலும் சிலிண்டர் முழுதாக நிரம்பாது. கால் பங்கோ அதைவிடச் சற்று அதிகமோதான் நிரம்பும். பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றுக்கும் குறைவு. அதே எஞ்சின் முழு முறுக்கில் 8000 சுற்றில் ஓடும்போது 300 லிட்டரைத் தாண்டும். ஆக, ஸ்லோவில் எஞ்சினுக்குள் போகும் காற்று முழு வேகத்தில் போவதில் பதினைந்தில் ஒரு பங்குதான். பெட்ரோல் கணக்கு இன்னும் நுணுக்கமானது. ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். அப்படிப் பார்த்தால் ஸ்லோவில் ஒவ்வொரு இழுப்புக்கும் சுமார் 2.3 மில்லிகிராம் பெட்ரோல் போதும். ஒரு சொட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இந்தப் பங்கை நிமிடத்துக்கு 700 முறை, கூடாமல் குறையாமல் அளந்து கொடுக்க வேண்டும். கொடுப்பதோ, எந்த மின்னணுவும் இல்லாத ஒரு பித்தளைத் துளை.

இப்போது கார்ப்பரேட்டரையும் எஞ்சின் ஹெட்டையும் இணைக்கும் ரப்பரில் அரை மில்லிமீட்டர் அகல ஓட்டை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூடிய த்ராட்டிலுக்குப் பின்னால் எஞ்சின் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அங்கே காற்றழுத்தம் வெளியில் இருப்பதைவிட வெகுவாகக் குறைவு. அந்த வித்தியாசத்தில் அரை மில்லிமீட்டர் ஓட்டை வழியாக நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும். 20 லிட்டரில் இரண்டு லிட்டர் என்றால் பத்து சதவீதம். கார்ப்பரேட்டரைத் தொடாமல் வந்த காற்று என்பதால் அதில் பெட்ரோல் இல்லை. கலவை பத்து சதவீதம் மெலிகிறது. வண்டி வேகம் எடுத்ததும் என்ன ஆகிறது? மொத்தக் காற்று 300 லிட்டர் ஆகிறது. ஓட்டைக்கு வந்த பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே போகிறது. அதுமட்டுமல்ல, த்ராட்டில் திறந்தவுடன் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தை நெருங்குவதால் ஓட்டை வழியாக நுழையும் காற்றே குறைந்துவிடுகிறது. கொள்ளிடத்துப் பாசன வாய்க்காலில் கரை முட்டத் தண்ணீர் ஓடும்போது நண்டு வளை ஒன்று இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. கோடையில் கடைமடைக்கு ஒரு நூலாகத் தண்ணீர் வரும்போது அதே வளை மொத்தத்தையும் குடித்துவிடுகிறது. ‘ரோட்டுல நல்லா ஓடுது, நின்னா மட்டும் ஆஃப் ஆகுது’ என்று சொல்பவர் புகார் சொல்லவில்லை. நோயின் பாதியைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். வேகத்தில் மறைந்து நிறுத்தத்தில் தெரியும் எந்தக் கோளாறும் சிறிய அளவுக் கோளாறு.

இந்த விதி காற்றோட்டத்தோடு முடிவதில்லை. நேரமும் அப்படித்தான் வேலை செய்கிறது. 1400 சுற்றில் பிஸ்டன் ஒரு முறை மேலே ஏறி அமுக்க 21 மில்லிசெகண்ட் ஆகும். 7000 சுற்றில் நான்கு சொச்சம்தான். வால்வு முழுதாக அமராமல் மயிரிழை இடைவெளி விட்டால், வேகத்தில் அந்த இடைவெளி வழியே அமுக்கம் தப்பிக்க நேரமில்லை; ஸ்லோவில் ஐந்து மடங்கு நேரம் கிடைக்கிறது. டேப்பெட் இறுகிப்போன வண்டி காலையில் நன்றாக ஸ்லோ நின்று, பத்து கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய பிறகு ஆஃப் ஆவதற்கு இதுதான் காரணம். வால்வுத் தண்டு சூட்டில் நீள்கிறது. கிளியரன்ஸ் இல்லாததால் வால்வு தன் இருக்கையில் உட்கார முடிவதில்லை. இந்த எஞ்சின்களில் அந்தக் கிளியரன்ஸ் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். பழைய வண்டியில் டேப்பெட் ‘டக் டக்’ என்று சத்தம் போடுவதைக் கேட்டு, சத்தமே வராமல் இறுக்கித் தரச் சொல்லும் வாடிக்கையாளரும், கேட்டபடி இறுக்கிக் கொடுக்கும் மெக்கானிக்கும் சேர்ந்து உருவாக்கும் கோளாறு இது. லேசான சத்தம் ஆரோக்கியம். முழு அமைதிதான் சந்தேகத்துக்குரியது.

சரி, பத்து சதவீதம் மெலிந்தால்தான் என்ன? வேகத்தில் அதைத் தாங்கும் எஞ்சின் ஸ்லோவில் ஏன் தாங்குவதில்லை? விடை சிலிண்டருக்குள் மிச்சமிருக்கும் புகையில் இருக்கிறது. ஒவ்வொரு முறை எரிந்த பிறகும் எல்லாப் புகையும் வெளியேறுவதில்லை. முழு முறுக்கில் புதுக் கலவை ஏராளமாக வருவதால் அந்த மிச்சம் பொருட்டல்ல. ஸ்லோவில் வரும் புதுக் கலவையே கொஞ்சம் என்பதால், உள்ளே இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பழைய புகையாக இருக்கும். எரிந்த புகை மறுபடி எரியாது. தீ பரவுவதை மந்தமாக்கும். அதனால் ஸ்லோவில் ஒவ்வொரு எரிப்பும் சற்று வேறுபடுகிறது. ஒன்று ஓங்கி எரியும், அடுத்தது தயங்கி எரியும், ஒன்று எரியாமலே போகும். நல்ல நிலையில் உள்ள எஞ்சினும் இப்படித்தான்; காதால் கவனித்தால் தெரியும். இதனால்தான் ஸ்லோவுக்கு மட்டும் கலவையைச் சற்றுக் கெட்டியாக, 13.5க்கு ஒன்று என்ற அளவை ஒட்டி வைக்கிறார்கள். பெட்ரோலில் 16, 17க்கு ஒன்று என்று மெலியும்போதே ஸ்லோவில் எரிப்புத் தவற ஆரம்பிக்கும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் எஞ்சினின் கையிருப்பு. பழைய வண்டியின் கதை அந்தக் கையிருப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்த கதை.

ஏறி ஏறி இறங்கும் ஸ்லோவுக்கு இன்னொரு பழைய விளக்கம் உண்டு. எஞ்சின் இயல்பாகவே தன்னைச் சமாளித்துக்கொள்ளும். சுற்று சற்றுக் குறைந்தால், மூடிய த்ராட்டில் வழியாக வரும் காற்று குறைந்த எண்ணிக்கை இழுப்புகளுக்குப் பங்கிடப்படுவதால் ஒவ்வொரு இழுப்புக்கும் கூடுதல் காற்று கிடைக்கிறது. எஞ்சின் வலுவடைந்து பழைய சுற்றுக்குத் திரும்புகிறது. ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எஞ்சினுக்குச் சுழலும் குண்டுகளைப் பொருத்திச் செய்த கட்டுப்பாட்டை இது ஓசையில்லாமல் செய்கிறது. ஆனால் அத்தகைய கட்டுப்பாடு எப்போது உதவும், எப்போது ஊசலாட்டமாக மாறும் என்பதை 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கணிதத்தால் காட்டினார். திருத்தம் சரியான நேரத்தில் வந்தால் நிலைப்பு. தாமதமாக வந்தால், குறைந்தபோது கொடுக்க வேண்டியதை ஏறியபோது கொடுத்து, ஏறியபோது குறைக்க வேண்டியதை இறங்கியபோது குறைத்து, ஆட்டத்தைப் பெருக்கும். கார்ப்பரேட்டர் வண்டியில் காற்று உடனே மாறுகிறது. பெட்ரோல் துளையையும் ரப்பரின் உட்சுவரையும் தாண்டி வரத் தாமதிக்கிறது. கையிருப்பு போதுமானால் அந்தத் தாமதம் தெரிவதில்லை. கலவை மெலிவின் விளிம்பில் நிற்கும்போதுதான் ஒவ்வொரு தாமதமும் ஓர் ஏற்ற இறக்கமாக வெளியே கேட்கிறது. ஊசலாடும் ஸ்லோவுக்கு ‘ஆவி பிடித்த வண்டி’ என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. கலவை மெலிந்திருக்கிறது, எங்கே மெலிகிறது என்று தேட வேண்டும்.

இந்த வட்டாரத்தில் இதற்கு முதலில் எழும் மறுப்பு தூசி. அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடி. கிரீத்தேசியக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல் மேல்தான் 1979இல் தொடங்கிய அரசு சிமென்ட் ஆலையும் அதற்குப் பின் வந்த தனியார் ஆலைகளும் நிற்கின்றன. சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகளுக்குப் பின்னால் பைக்கில் போகிறவர் சட்டையைப் பார்த்தால் எஞ்சின் என்ன சுவாசிக்கிறது என்று கேட்கத் தேவையில்லை. எனவே ஸ்லோ நிற்காவிட்டால் ஏர் ஃபில்டரைக் குற்றம் சொல்வது இயல்பு. ஆனால் இயற்பியல் இங்கே நேர்மாறாகச் சொல்கிறது. அடைபட்ட ஃபில்டர் காற்றைத் தடுக்கும் அளவு, அதன் வழியே ஓடும் காற்றின் அளவோடு சேர்ந்து கூடும். 300 லிட்டர் இழுக்கும்போது மூச்சுத் திணற வைக்கும் ஃபில்டர், 20 லிட்டர் இழுக்கும்போது பெரிதாகத் தடுப்பதில்லை. ஆகவே அடைந்த ஃபில்டரின் அடையாளம் மேல்வேகம் எட்டாமல் போவதும் மைலேஜ் குறைவதும் கரும்புகையும். முழுக்க அடைந்தாலொழிய ஸ்லோவை அது முதலில் தொடாது. டாப் ஸ்பீடு குறையாமல் ஸ்லோ மட்டும் கெட்டிருந்தால் குற்றவாளி ஃபில்டரைத் தாண்டி உள்ளே இருக்கிறான். அப்படியானால் தூசிக்குப் பங்கே இல்லையா? உண்டு, வேறு வழியில். அடைந்த ஃபில்டரைவிடக் கிழிந்த ஃபில்டர் ஆபத்து. ‘பிக்கப் வரட்டும்’ என்று ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது அதைவிட ஆபத்து. அப்போது நுண்தூசி நேராகக் கார்ப்பரேட்டர் வாயில் உள்ள ஸ்லோ காற்றுத் துளைக்குப் போகிறது. சுண்ணாம்புத் தூசி மென்மையானது, மோஸ் அளவில் 3; அது அடைக்கும். சாலை மண்ணில் உள்ள குவார்ட்ஸ் மணல் 7. அது த்ராட்டில் ஸ்லைடையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். தேய்ந்த ஸ்லைடின் ஓரத்தில் புகும் காற்று இன்னொரு நண்டு வளை.

அடைப்பு என்றதும் ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். பித்தளைத் திருகாணி ஒன்றின் நடுவே, தையல் ஊசி முனையைவிடச் சற்றே பெரிதாக, ஓர் ஒளிப்புள்ளி வட்டமாகத் தெரிய வேண்டும். பிறைபோலவோ, ஓரம் மங்கியோ தெரிந்தால் உள்ளே பிசின் படிந்திருக்கிறது. துளையின் விட்டம் பெரும்பாலும் 0.35 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். படிவு அதை 0.30 ஆக்கினால் விட்டத்தில் குறைந்தது கண்ணுக்குத் தெரியாத அளவு. பரப்பிலோ 27 சதவீதம். ஸ்லோவுக்கு வரும் பெட்ரோலில் கால் பங்கு போயிற்று என்று அர்த்தம். வளைகுடாவுக்குப் போனவர் வீட்டில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று நிற்கும் வண்டிகளில் இது ஏறக்குறைய நிச்சயம். கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் நின்ற பெட்ரோலின் இலகுவான பாகம் ஆவியாகிப் போய், கனமான பாகம் பழுப்புப் பிசினாகத் தங்கிவிடுகிறது. மெயின் ஜெட்டின் துளை பெரிது என்பதால் அது தப்பிக்கிறது. வண்டி ரோட்டில் ஓடுகிறது, நின்றால் ஆஃப் ஆகிறது. அடைப்பை நீக்கக் கிளட்ச் கேபிளிலிருந்து ஓர் இழையைப் பிய்த்துக் குத்துவது பட்டறைப் பழக்கம். எஃகு இழை பித்தளையைச் சுரண்டும். 0.35 துளை 0.40 ஆனால் பரப்பு 30 சதவீதம் கூடிவிடும். மெலிந்திருந்த கலவை இனி நிரந்தரமாகக் கெட்டி. அதன் பிறகு எந்த ஸ்க்ரூவாலும் சரிசெய்ய முடியாது. கார்ப்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, கம்ப்ரசர் காற்றால் ஊதுவதே முறை.

இரண்டாவது மறுப்பு பெட்ரோலைப் பற்றியது: ‘எத்தனால் கலக்க ஆரம்பித்த பிறகுதான் வண்டி கெட்டது.’ இதில் பாதி உண்மை இருப்பதால் கவனமாகப் பார்க்க வேண்டும். நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டியது. 2025இல் 20 சதவீதம் ஆனது. எத்தனால் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் வைத்திருப்பதால் அது எரிய ஒன்பது பங்கு காற்றே போதும். 20 சதவீதம் கலந்த எரிபொருளுக்குச் சரியான விகிதம் 14.7இலிருந்து சுமார் 13.5 ஆக இறங்குகிறது. சுத்த பெட்ரோலுக்கு டியூன் செய்த பழைய கார்ப்பரேட்டர் துளை இதை அறியாது. பழைய அளவையே கொடுக்கும். விளைவு, எட்டு சதவீத மெலிவு. பத்து சதவீதக் கலப்பிலிருந்து மாறியதை மட்டும் கணக்கிட்டால் நான்கு சதவீதம். இதோடு முன்பு பார்த்த பத்து சதவீத ஓட்டைக் காற்றைச் சேர்த்துப் பாருங்கள்: 13.5க்கு ஒன்று என்று வைத்த ஸ்லோ, சுத்த பெட்ரோலில் 16க்கு ஒன்று என்ற கலவை எப்படி எரியுமோ அப்படி எரிய ஆரம்பிக்கிறது. விளிம்பு அங்கேதான் இருக்கிறது. எத்தனால் மட்டும் என்றால் ஆரோக்கியமான எஞ்சின் அதைச் சமாளித்துவிடும். ஓட்டை மட்டும் என்றாலும் ஸ்லோவைத் தட்டுத் தடுமாறிப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் ஆஃப் ஆகும். வெயிலும் இதே கணக்கில் சேரும். பெரம்பலூர்ச் சித்திரை வெயிலில் 40 டிகிரிக் காற்று, மார்கழி விடியலின் 20 டிகிரிக் காற்றைவிட ஆறு சதவீதம் லேசானது. கலவை சுமார் மூன்று சதவீதம் மாறும். அப்போது மாறுவது கெட்டியான பக்கம். ஆகவே குளிர் காலையில் ஆஃப் ஆகி மதியத்தில் சரியாகும் வண்டி மெலிவையும், காலையில் நின்று மதியத்தில் திணறும் வண்டி கெட்டிக் கலவையையோ இறுகிய டேப்பெட்டையோ சுட்டுகின்றன. பெட்ரோல் மாறியது உண்மை. ஆனால் அது கையிருப்பின் கடைசிக் காசைத்தான் எடுத்தது. முன்பே செலவாகியிருந்ததைத் திரும்பச் சேர்த்தால் அதே பெட்ரோலில் ஸ்லோ நிற்கும். பழைய ரப்பர் பாகங்களை எத்தனால் தளர்த்தக்கூடும் என்பதால், பழைய வண்டியில் ஹோஸையும் ரப்பரையும் மாற்றுவது இரட்டை லாபம்.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது: ‘ஸ்க்ரூவைத் திருகினால் ஸ்லோ நிற்கிறதே, பிறகென்ன?’ நிற்கிறது என்பது உண்மை. ஏன் நிற்கிறது என்பதே விஷயம். ஸ்லோ ஸ்க்ரூ த்ராட்டிலைச் சற்றுத் தூக்குகிறது. மொத்தக் காற்று கூடியதால் ஓட்டைக் காற்றின் பங்கு குறைகிறது. ஸ்லைடு போதுமான அளவு உயர்ந்தால் நடு வேகத்துக்கான ஊசித் துளையும் பெட்ரோல் கொடுக்க ஆரம்பிக்கிறது. அடைபட்ட ஸ்லோ ஜெட்டை எஞ்சின் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. சுற்று கூடியதால் வால்வுக் கசிவுக்கு நேரம் குறைகிறது. ஒரே திருகலில் மூன்று நோயும் மறைகின்றன. அதனால்தான் இந்த வைத்தியம் இவ்வளவு பிரபலம். விலை பிறகு வருகிறது: கியர் போடும்போது ‘டங்’ என்ற அடி, ஆக்சிலேட்டரை விட்டாலும் வண்டி இழுத்துக்கொண்டு போவது, நின்ற இடத்தில் கூடுதல் பெட்ரோல், கூடுதல் சூடு. ஓட்டையை அப்படியே விட்டால், மெலிந்த கலவையின் சூட்டில் விரிசல் இன்னும் நீளும். அடுத்த மாதம் இன்னொரு அரைச் சுற்று. பழைய வண்டி விற்பவர் விற்கும் நாளில் ஸ்லோவை ஏற்றி வைத்திருப்பதும் இதற்காகத்தான். நூறு சிசி வண்டிகளில் பெரும்பாலும் சுற்று காட்டும் மீட்டர் கிடையாது. ஆனால் காது போதும். 1400 சுற்றில் நொடிக்குப் பதினொன்று, பன்னிரண்டு வெடிப்புகள். மனிதக் காது நொடிக்குச் சுமார் இருபதுக்குக் கீழே வருவதைத் தனித்தனித் தட்டலாகவும் அதற்கு மேலே போவதை ஒரே முரலாகவும் கேட்கும். 2400 சுற்றில் அந்த இருபது வந்துவிடும். ஆகவே சூடேறிய எஞ்சின் நிறுத்தத்தில் ‘டப டப’ என்று பிரிந்து கேட்காமல் ‘ர்ர்ர்’ என்று ஒட்டிக் கேட்டால், யாரோ ஸ்க்ரூவை ஏற்றியிருக்கிறார்கள். வாங்குபவர் அதைக் கையால் இறக்கச் சொல்லி, பிறகும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசலாம்.

வாதம் சரியென்றால் தேடும் வரிசையும் அதிலிருந்தே வரும்: காசில்லாதது முதலில், கழற்ற வேண்டியது பிறகு, ஸ்க்ரூ கடைசியில். ஸ்லோவில் ஓடவிட்டு ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்ப வேண்டும்; ரேஸ் மாறினால் கோளாறு ஆக்சிலேட்டர் கேபிளில், எஞ்சினில் இல்லை. அடுத்து சோக். பாதி சோக் இழுத்ததும் ஸ்லோ நேரானால் கலவை மெலிந்திருக்கிறது. இன்னும் மோசமானால் கெட்டியாக இருக்கிறது. இந்த ஒரு கேள்வி பாதி சாத்தியங்களை வெட்டிவிடும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகு ரேஸ் மெதுவாக இறங்குவதும், இறங்கும்போது சைலன்சரில் ‘பட் பட்’ என்று வெடிப்பதும் மெலிவுக்குக் கூடுதல் சாட்சி. மெலிவு என்றால் ரப்பரைப் பாருங்கள். மேலே பார்த்தால் முழுசாகத்தான் தெரியும். கட்டைவிரலால் வளைத்துப் பிடித்தால்தான் கிளாம்ப் ஓரத்தில் மயிர்க்கோடாக விரிசல் வாய் திறக்கும். எஞ்சின் ஓடும்போது அங்கே சோப்புத் தண்ணீரைச் சில சொட்டு விட்டால், தண்ணீர் உள்ளே இழுபட்டு ஒரு கணம் சத்தம் மாறும். இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். சூடான சைலன்சருக்கு ஒரு சாண் தூரத்தில் அது தீயோடு விளையாடுவது. ரப்பர் நன்றாக இருந்தால் ஸ்லோ ஜெட். அதுவும் சுத்தம் என்றால் குளிர்ந்த எஞ்சினில் டேப்பெட்டை ஃபீலர் கேஜ் வைத்து அளப்பது. பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது இதையெல்லாம் உறுதிசெய்யத்தான்: வெளுத்திருந்தால் மெலிவு, கரிப்பிடித்தால் கெட்டி, பால் கலந்த டீ நிறமாக இருந்தால் கலவையில் குறையில்லை. இவை முடிந்த பிறகே ஏர் ஸ்க்ரூ. அது ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றை அளப்பது, உள்ளே திருகினால் கெட்டியாகும். எஞ்சின் பக்கம் இருந்தால் கலவையை அளப்பது, உள்ளே திருகினால் மெலியும். இதைத் தெரியாமல் திருகுவதால்தான் சரியாக இருந்த வண்டிகளும் கெடுகின்றன.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு நூறு சிசி வண்டிகளும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. அவையும் இப்போது பழைய வண்டிச் சந்தைக்கு வந்துவிட்டன. கம்ப்யூட்டர் இருக்கும்போது இந்த வாதம் செல்லுமா என்று கேட்கலாம். செல்லும், ஆனால் உருவம் மாறும். ஆக்சிஜன் சென்சார் மெலிவைக் கண்டு கூடுதல் பெட்ரோல் கொடுக்கச் சொல்வதால் எத்தனாலும் சிறு ஓட்டையும் வெகுநாள் வெளியே தெரியாது. மாக்ஸ்வெல் சொன்ன தாமதத்தை மின்னணு பெருமளவு நீக்கிவிட்டது. ஆயினும் அந்தத் திருத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தொட்டதும் மீட்டரில் எஞ்சின் விளக்கு எரியும், ஸ்லோ திடீரென்று சரியும். கார்ப்பரேட்டர் வண்டி மாதக்கணக்கில் முனகிக் காட்டியதை இந்த வண்டி ஒரே நாளில் சொல்கிறது. த்ராட்டில் பாடியில் படியும் கரி, ஸ்லோ காற்றுக்கான சிறு வழி, பேட்டரி இறங்குவதால் தடுமாறும் சென்சார்கள் என்று தேட வேண்டிய இடங்கள் மாறினாலும் அளவு மாறவில்லை. இன்னும் அரை மில்லிமீட்டர்தான். அங்கே ஸ்க்ரூவைத் தேடிக் காணாதவர்கள் த்ராட்டில் நிறுத்தாணியைத் திருகிச் சென்சாரின் கணக்கையே குழப்பிவிடுவது, பழைய பழக்கத்தின் புதிய பாவம்.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. பிஸ்டன் ரிங் தேய்ந்து எண்ணெய் எரியும் எஞ்சினில் ஸ்லோ நிற்காதது பல நோய்களில் ஒன்று. அங்கே ரப்பரும் ஜெட்டும் மாற்றினால் போதாது. சைலன்சரில் நீலப்புகையும், கிக்கரை மிதிக்கும்போது காலுக்கு எதிர்ப்பே தெரியாமல் இருப்பதும் அதன் அடையாளம். ஆனால் அந்த நிலையை எட்டாத வண்டிகளிலும் ‘எஞ்சின் வேலை’ என்று சொல்லிப் பிரிப்பதும், சுத்தம் செய்தால் போதுமான கார்ப்பரேட்டரைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குவதும் நடக்கின்றன. புதுக் கார்ப்பரேட்டர் அடைபட்ட ஜெட்டைச் சரியாக்கும். அதைப் பிடித்திருக்கும் விரிசல் விட்ட ரப்பரை அப்படியே விட்டுவிடும். பெரிய பாகத்துக்குப் பெரிய பணம் கொடுத்தால் பெரிய குறை தீரும் என்ற நம்பிக்கைதான் இதற்குப் பின்னால் இருக்கிறது. ஸ்லோ விஷயத்தில் அந்த நம்பிக்கை தலைகீழ். மற்ற வேகங்களில் நன்றாக ஓடி நின்றால் மட்டும் தள்ளாடும் வண்டிக்கு, விலை குறைந்த பாகத்திலிருந்து தொடங்கி மேலே போகும் மெக்கானிக்தான் பெரும்பாலும் சரியான இடத்தில் கைவைக்கிறார். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுதான்: ‘ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்னால் என்னென்ன பார்த்தீர்கள்?’